பாலைவன ஆமைக்குக் கொல்லை தயார் செய்வது: முதலில் வளை, பிறகு வேலி

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். அரிசோனாவில் ஃபீனிக்ஸ் பக்கத்திலுள்ள சாண்ட்லரில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். மாநில வனவிலங்குத் துறையான கேம் அண்ட் ஃபிஷ் வழியாக ஒரு பாலைவன ஆமையைத் தத்தெடுக்க நினைக்கிறீர்கள். கொல்லையைச் சுற்றி ஆறடி பிளாக் சுவர், ஒரு பக்கம் இரும்பு கேட், நடுவில் நீச்சல் குளம், வீட்டில் ஒரு லேப்ரடார். "ஆமை தோண்டிக்கொண்டு சுவருக்கு அடியில் போய்விடாதா? வேலியை எத்தனை அடி ஆழம் புதைக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலி ஆழத்தைக் கடைசியில் சொல்கிறேன். பாலைவன ஆமை தப்பித்துப் போவதற்காகத் தோண்டுவதில்லை. வெயில், குளிர், வறட்சி மூன்றிலிருந்தும் ஒளிந்துகொள்ளத்தான் தோண்டுகிறது. வாழ்நாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நேரத்தை வளைக்குள்தான் கழிக்கிறது என்பார்கள். சரியான இடத்தில் நல்ல வளை ஒன்றை நீங்களே வெட்டிக் கொடுத்துவிட்டால், சுவரடியில் போய்த் தோண்ட அதற்குப் பெரிய காரணம் இருக்காது. வளை இல்லாத கொல்லையில் எத்தனை அடி கம்பி புதைத்தாலும் அது மூலைக்கு மூலை பறித்துக்கொண்டேதான் இருக்கும். ஆகவே பணமும் உழைப்பும் முதலில் வளைக்குப் போகட்டும்.

2023 கோடையில் ஃபீனிக்ஸில் ஜூன் கடைசியிலிருந்து தொடர்ந்து 31 நாள் பகல் வெயில் 110 ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் அடித்தது, செல்சியஸில் 43க்கு மேல். ஆமையின் உடல் வெப்பம் ஏறத்தாழ நாற்பது செல்சியஸைத் தொட்டாலே உயிருக்கு ஆபத்து. புதர் நிழல் காலை எட்டு மணி வரைக்கும்தான் காப்பாற்றும். சிலர் பிளாஸ்டிக் நாய்க்கூடு ஒன்றை வாங்கி வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஜூலையில் அது அடுப்பு. மண்ணுக்குள் இறங்கினால்தான் சூடு தணியும், காற்றில் கொஞ்சம் ஈரமும் நிற்கும். அந்த ஈரம் முக்கியம். மூச்சு வழியாக உடம்பிலிருந்து போகும் தண்ணீர் அதனால் குறைகிறது. சிறுநீர்ப்பையில் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொண்டுதான் இந்த ஆமை மாதக்கணக்கில் தாக்குப் பிடிக்கிறது. அவசியமில்லாமல் கையில் தூக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். பயந்துபோய் அந்தத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டால், வறண்ட மாதத்தில் அதை ஈடுகட்ட அதற்கு வழியில்லை.

இடம் தேர்வு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது வெயிலை அல்ல, தண்ணீரை. நம் வீடுகளில் ஆமை சாவதற்கு வெள்ளமும் ஒரு காரணம் என்று சொன்னால் பாலைவனத்தில் வெள்ளமா என்று சிரிப்பார்கள். இங்கே மான்சூன் காலம் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. மழை வந்தால் அரை மணி நேரத்தில் கொல்லை குளமாகிவிடும். குளிர்கால மழை இன்னும் மோசம், ஏனென்றால் ஆமை அப்போது உறக்கத்தில் இருக்கும், எழுந்து வெளியே வரத் தெம்பு இருக்காது. நீங்கள் இன்னும் ஒரு மழையை அந்த வீட்டில் பார்த்திருக்க மாட்டீர்கள். பரவாயில்லை, சுவரின் அடியில் சேற்றுக் கறை எந்த உயரம் வரை இருக்கிறது, ஜல்லி எங்கே அடித்துக்கொண்டு போய்க் குவிந்திருக்கிறது என்று பாருங்கள். ஹோஸைத் திறந்துவிட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். கூரைத் தண்ணீர் விழும் இடம், ஏசி தண்ணீர் சொட்டும் குழாய், குளத்து ஃபில்டரைக் கழுவிவிடும் இடம் மூன்றும் தள்ளுபடி. பழைய மேசா, டெம்பி பகுதிகளில் எஸ்ஆர்பி என்கிற தண்ணீர், மின்சார நிறுவனத்தின் கால்வாய்த் தண்ணீரைக் கொல்லை முழுக்கப் பாய்ச்சும் வீடுகள் இருக்கின்றன. அங்கே வரப்பைவிட உயரமாக மேடு கட்டி அதற்குள்தான் வளை அமைக்க வேண்டும். உங்கள் வீடு புதிது, ஜல்லி போட்ட கொல்லையாக இருக்கும், அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது திசை. வளையின் வாய் மேற்கே பார்க்கக் கூடாது. சாயங்கால வெயில் நேரே உள்ளே இறங்கும். கிழக்கோ வடகிழக்கோ பார்த்தால் காலையில் வாசலில் உட்கார்ந்து வெயில் காய்ந்துவிட்டு உள்ளே போய்விடும். மேற்கு வெயிலைக் குடிக்கும் பிளாக் சுவரை ஒட்டியும் வேண்டாம், அது நள்ளிரவு வரை சூட்டைக் கக்கும். வீட்டு அஸ்திவாரத்திலிருந்தும் குளத்துத் தளத்திலிருந்தும் நன்றாகத் தள்ளி இருக்கட்டும், ஆமை பின்னால் நீட்டித் தோண்டும். கடப்பாரையைக் கையில் எடுப்பதற்கு முன்னால் 811க்கு போன் செய்யுங்கள். கேஸ், மின்சாரம், கேபிள் எங்கே போகிறது என்று இலவசமாகக் குறித்துவிட்டுப் போவார்கள். சொட்டுநீர்க் குழாயையும் குளத்துக் குழாயையும் அவர்கள் குறிக்க மாட்டார்கள், அது நம் பாடு.

இனி வெட்டுவது. இங்கே ஓரடி ஆழத்திலேயே கலீச்சி என்கிற சுண்ணாம்புப் பாறை மண் வந்துவிடலாம். மண்வெட்டி கிணுங்கென்று திரும்பி வரும். காட்டில் இதே கலீச்சியின் பொந்துகளில்தான் ஆமைகள் குடியிருக்கின்றன, நமக்குத்தான் அது விரோதி. முந்தின நாள் ராத்திரி தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுப் பாருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் மல்லுக்கட்ட வேண்டாம். கிடைத்த ஆழத்தில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை மேலே மண் மேடாக ஏற்றிவிடலாம். கால் வாசி குழி, முக்கால் வாசி மேடு என்று அமைந்த வளைகளும் நன்றாகவே வேலை செய்கின்றன. வெள்ளத்துக்கு அவைதான் இன்னும் பாதுகாப்பு.

வளர்ந்த ஆமையின் ஓடு பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு அங்குலம், பெரிய ஆண் என்றால் பதினான்கு வரை போகும். உள்ளே போனது திரும்பி முகத்தை வெளியே காட்டி வர வேண்டும், ஆகவே உள் அகலம் இரண்டடி, உயரம் ஓரடிக்குச் சற்று மேல், நீளம் நான்கைந்து அடியாவது. இரண்டு பக்கமும் எட்டங்குல சிமெண்ட் பிளாக்கை வரிசையாக வையுங்கள். அடி வரிசையைப் பாதி தரைக்குள் புதைத்து, பிளாக்கின் ஓட்டைகளில் மண்ணோ கான்கிரீட்டோ திணித்துவிடுங்கள். இல்லையென்றால் அது பக்கவாட்டில் பறித்துப் பறித்து ஒரு நாள் பிளாக் உள்பக்கம் சாயும். தரைக்கு எதுவும் போடாதீர்கள், வெறும் மண்ணே இருக்கட்டும். பின்சுவரையும் பிளாக் வைத்து அடைக்க வேண்டாம். அங்கே தோண்டுவதற்கு இடம் விட்டால்தான் ஆமைக்கு அது தன் வளை, தன் இஷ்டத்துக்கு ஓரடி ஈரடி நீட்டிக்கொள்ளும்.

கூரைதான் பெரும்பாலோர் கோட்டை விடும் இடம். ஊரில் என்றால் ஒரு கடப்பாக் கல்லைத் தூக்கி வைத்து முடித்துவிடுவோம். இங்கே முக்கால் அங்குல பிளைவுட் போட்டு அதன்மேல் கனமான பிளாஸ்டிக் ஷீட் விரித்து மண் கொட்டுவதுதான் வழக்கம். வேலை சுலபம், ஆனால் அரிசோனாக் கரையான் சும்மா விடாது, சொட்டுநீர் கசிந்தால் உளுத்தும் போகும். தாங்கிப் பிடிக்க இரும்பு ஆங்கிள் கொடுத்து மேலே சிமெண்ட் பலகைக் கற்களை அடுக்குவது என் சிபாரிசு. செலவு அதிகம், ஆனால் ஐம்பது அறுபது வருஷம் உயிரோடு இருக்கக்கூடிய பிராணிக்கு மரக்கூரை போடுவதில் அர்த்தமில்லை. கூரைக்கு மேல் குறைந்தது ஓரடி மண், முடிந்தால் ஒன்றரை. ஈரப்படுத்தித் தட்டிக் கெட்டியாக்கி, தண்ணீர் நாலா பக்கமும் வழியும்படி மேடாக விடுங்கள். உச்சியில் ஒரு பெரிய பாறையோ முட்செடியோ வையுங்கள். அழகுக்காக இல்லை, குழந்தைகளும் தோட்டக்காரரும் கால் வைக்காமல் இருப்பதற்கு.

வாசலை இப்படி அமையுங்கள்: வெளியிலிருந்து முதலில் நாலைந்து அங்குலம் ஏற வேண்டும், பிறகு உள்ளே சரிய வேண்டும். அந்தச் சிறு ஏற்றம்தான் மழைத் தண்ணீருக்கு வரப்பு. வாய்க்கு மேல் ஒரு பலகைக் கல்லைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்தால் தாழ்வாரம் கிடைத்துவிடும். வளைவு நெளிவு வைத்துக் குகை மாதிரி கட்ட ஆசையாக இருக்கும், வேண்டாம். நேராக இருந்தால்தான் வாசலில் குனிந்து டார்ச் அடித்து ஆமை உள்ளே இருக்கிறதா என்று பார்க்க முடியும். சாயங்காலத்தில் அந்த நிம்மதிக்கு விலையே இல்லை.

இப்போது சுவர். உங்கள் பிளாக் சுவருக்கு அடியில் கான்கிரீட் அடித்தளம் இருக்கும், அதைத் தாண்டிப் போவது பாலைவன ஆமைக்குச் சாதாரணமாக முடியாத காரியம். அது விரும்பித் தோண்டுவது மூலைகளில். இரண்டு சுவர் சேரும் இடத்தில் தட்டையான பெரிய கற்களைப் பதித்துவிடுங்கள், ஆசை தீரும். மழைத் தண்ணீர் வெளியேறுவதற்காகச் சுவரின் அடியில் ஓட்டை விட்டிருந்தால் கம்பி வலை அடித்து மூடுங்கள்.

சுவரே இல்லாத பக்கம், அல்லது கொல்லையை இரண்டாகப் பிரிக்கும் இடம் என்றால், பாலைவன நெடுஞ்சாலைகளில் ஆமை ரோட்டுக்கு வராமல் இருக்க அடிக்கும் வேலியின் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ஒன்றுக்கு இரண்டு அங்குலக் கண் உள்ள கம்பி வலை, தரைக்கு மேல் ஏறத்தாழ இரண்டடி, தரைக்குக் கீழ் ஓரடி. கலீச்சி குறுக்கிட்டு ஓரடி இறக்க முடியவில்லையா, வலையின் அடிப்பகுதியை ஆமை இருக்கும் பக்கமாக மடக்கித் தரையோடு படுக்கவிட்டு மேலே கல்லும் மண்ணும் போடுங்கள். தோண்ட வரும் ஆமை அந்த வலையின் மேலேயே நின்றுகொண்டிருக்கும், அதனால் அதற்கு அடியில் போகத் தெரியாது. ஒன்று மட்டும் கவனம். அந்தப் பக்கம் தெரிகிற வேலியை ஆமை வேலியாகவே மதிக்காது. தெரிகிற திசையில் போய்விடலாம் என்று நாளெல்லாம் மூக்கைத் தேய்த்துக்கொண்டு நடக்கும், ஏறப் பார்க்கும், மல்லாக்க விழும். மல்லாந்த ஆமை வெயிலில் மாட்டினால் பிழைக்காது. ஆகவே கம்பி வலையின் கீழ் இரண்டடிக்கு ஏதாவது பலகை வைத்து மறைத்துவிடுங்கள்.

தொலைந்த ஆமைகளைப் பற்றி நான் கேட்ட கதைகளில் தோண்டிப் போனதைவிட கேட் வழியாகப் போனதே அதிகம். குளம் சுத்தம் செய்ய வருகிறவர், புல் வெட்ட வருகிறவர், பந்து எடுக்க வரும் பக்கத்து வீட்டுப் பையன், யாராவது ஒருவர் திறந்து போட்டுவிடுவார். கேட் தானாகச் சாத்திக்கொள்ள ஸ்பிரிங் போடுங்கள், கீழ்ப் பாதியைத் தகடு வைத்து மறையுங்கள், நிலைக்கு அடியில் சிமெண்ட் பலகைக் கல் பதித்து இடைவெளியை இரண்டு அங்குலத்துக்குள் கொண்டுவாருங்கள். ஆமை நிதானமானது என்று நம்பி ஐந்து நிமிஷம் திறந்து வைக்காதீர்கள். போக வேண்டும் என்று தோன்றினால் அது போகிற வேகம் ஆச்சரியமாக இருக்கும்.

லேப்ரடார் விஷயத்துக்கு வருவோம். இதில் சமரசம் கிடையாது. உங்கள் நாய் சாது என்று நீங்கள் சொல்வீர்கள், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சாதுவான நாய்தான் மதியம் பொழுது போகாமல் ஆமை ஓட்டை எலும்பு மாதிரி கடித்துக்கொண்டு உட்காரும். ஆமை கத்தாது, ஓடாது, வீட்டுக்குள் இருக்கும் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. நாயும் வேலியில்லாத குளமும் உள்ள கொல்லை என்றால் ஆமைக்குத் தனி அடைப்பு இருந்தே ஆக வேண்டும். அந்த அடைப்பின் வேலியை ஆமைக்கு அளந்து கட்டாதீர்கள், நாய்க்கு அளந்து கட்டுங்கள். இரண்டடிச் சுவர் ஆமையை நிறுத்தும், லேப்ரடார் ஒரே தாவலில் உள்ளே இருக்கும். குளத்தைச் சுற்றிக் குழந்தைகளுக்காகக் கட்டும் துணி வலை வேலியையும் நம்ப வேண்டாம், அதன் அடிப்பக்கத்தை ஆமை மண்டையால் தூக்கிக்கொண்டு நுழைந்துவிடும். இந்த ஆமைக்கு நீந்தத் தெரியாது, விழுந்தால் மூழ்கும்.

செடிகளில் முதல் வேலை அரளியைப் பிடுங்குவது. ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் வேலிக்கு வேலி அரளிதான், பூவும் இலையும் அத்தனையும் விஷம். பக்கத்து வீட்டு அரளி சுவர் தாண்டி உதிர்த்தால் அதையும் கூட்டிவிட வேண்டும். உண்ணிச்செடியும் வேண்டாம். சந்தோஷமான சேதி, இங்கே பெர்முடா என்று விற்கும் புல் நம் பிள்ளையாருக்குச் சாற்றும் அதே அறுகம்புல்தான். ஆமைக்கு நல்ல தீனி. செம்பருத்தி நட்டால் இலை, பூ இரண்டும் போகும். நாகதாளி வகைக் கள்ளியின் மடலையும் பழத்தையும் ஆமை விரும்பித் தின்னும். நிழலுக்கு ஒரு மெஸ்கீட் மரம், இடையில் உள்ளூர்க் காட்டுச் செடியான குளோப்மாலோ. இவை வேர் பிடித்துவிட்டால் நீங்கள் தனியாகத் தீனி போட வேண்டிய அவசியம் குறைந்துவிடும். வீட்டில் மிஞ்சிய சோறு, வாழைப்பழம், பசலைக்கீரை என்று பாசத்தில் போட ஆரம்பித்தீர்களோ, கெட்டது. களைக்கொல்லியும் பூச்சி மருந்தும் அந்த அடைப்புக்குள் கூடவே கூடாது, தோட்டக்காரரிடம் வாயால் சொன்னால் போதாது, எழுதியும் ஒட்டுங்கள். தண்ணீருக்கு ஆழமில்லாத மண்தட்டு ஒன்றைத் தரையோடு தரையாகப் பதித்துவிட்டால் ஏறி உட்கார்ந்து குடிக்கும்.

சட்டம் கொஞ்சம். காட்டில் பார்த்த ஆமையைத் தூக்கி வருவது குற்றம். தத்தெடுத்ததைக் காட்டில் கொண்டுபோய் விடுவதும் குற்றம், வளர்ப்பு ஆமையிடமிருந்து சுவாச நோய் காட்டு ஆமைகளுக்குப் பரவும். இனப்பெருக்கம் செய்ய விடக் கூடாது, ஆகவே ஜோடி சேர்க்கிற எண்ணம் வேண்டாம். இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் சண்டை, ஒன்று மற்றதைக் கவிழ்த்துப் போடும். எல்லாவற்றையும்விட நம்மவர்கள் யோசிக்க வேண்டியது, இந்த ஆமையை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாது. வேலை மாறி நாளைக்கே டெக்சாஸ் போகிற நிலை வந்தால், விசா சிக்கலில் ஊர் திரும்ப நேர்ந்தால், ஆமையைத் தத்துத் திட்டத்திடமே திருப்பித் தர வேண்டும். நீங்கள் உரிமையாளர் இல்லை, காப்பாளர்தான். இதை வீட்டில் குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இந்தத் தொல்லையே வேண்டாம், கடையில் கிடைக்கும் சல்கேட்டா குட்டியை வாங்கிவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கைக்குள் அடங்கும் குட்டிதான், பார்க்க அழகு. ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியைச் சேர்ந்த அந்த ஆமை வளர்ந்தால் நூறு பவுண்டைக்கூட எட்டிவிடும், பத்தடி இருபதடி நீளத்துக்குச் சுரங்கம் வெட்டும், குளத்துத் தளமும் நடைபாதையும் உள்வாங்கிப்போகும். குளிர்கால உறக்கமும் அதற்குக் கிடையாது. டிசம்பர் ராத்திரிகளில் ஹீட்டர் வைத்த கூண்டு வேண்டும். சாண்ட்லர் அளவுக் கொல்லைக்கு அது ஒத்துவராது. இந்த நகரத்தில் வைத்துக்கொள்ள முடியாமல் கைவிடப்படுகிற சல்கேட்டாக்கள் ஏராளம். ஊரிலிருக்கும் சொந்தக்காரர்கள் இதைப் படித்துவிட்டு நட்சத்திர ஆமை வாங்கக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். இந்தியச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது, வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு.

எப்போது தொடங்குவது? இந்த ஆமைகள் அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் வரை உறக்கத்தில் இருக்கும், தத்துக் கொடுப்பது வெயில் மாதங்களில்தான். ஆகவே குளிர்காலமே உங்களுக்கு வேலை செய்யத் தோதான நேரம், மழை பெய்து மண்ணும் கொஞ்சம் இளகியிருக்கும். வளை கட்டி முடித்ததும் மேட்டின் மேல் பதினைந்து நிமிஷம் ஹோஸை விட்டுவிட்டு டார்ச் அடித்து உள்ளே ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் இப்போதே பிரித்துச் சரி செய்துவிடலாம், ஆமை வந்த பிறகு முடியாது. விண்ணப்பத்தோடு அடைப்புக்கும் வளைக்கும் படம் கேட்பார்கள். வாசலுக்குப் பக்கத்தில் அளவு டேப்பை நீட்டி வைத்து எடுத்து அனுப்புங்கள், திருப்பிக் கேள்வி வராது. ஆமை வந்த முதல் இரண்டு வாரம் மட்டும் சாயங்காலம் எங்கே படுத்திருக்கிறது என்று பார்த்து, புதரடியில் பதுங்கியிருந்தால் தரையை ஒட்டியே மெதுவாக எடுத்துவந்து வளை வாயில் முகம் உள்ளே பார்க்கும்படி விடுங்கள். பெரும்பாலும் அதற்குள் பழகிவிடும். பழகாமல் ஒரே மூலையில் பிடிவாதமாகத் தோண்டிக்கொண்டிருந்தால், அந்த இடத்தின் படத்தோடு மறுபடி எழுதுங்கள், அங்கேயே இன்னொரு வளை கட்டலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.